கால் மரப்புக்கு மாத்திரை. அந்த மாத்திரையாலேயே கால் மரத்துப் போனால்?

கிள்ளான் - ஜாலான் தெங்கு கிளானாவிலும் பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் எந்த மருந்தகத்திற்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது வைட்டமின் அலமாரிதான். நரம்புக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று, முடிக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. மருத்துவரின் சீட்டு இல்லாமலேயே வாங்கலாம். "வைட்டமின்தானே, அதிகமானால் சிறுநீரில் போய்விடும்" என்பது நம்மில் பலருடைய எண்ணம். அந்த எண்ணம் பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாததால் சிலருக்கு நரம்பும், சிலருக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்படுகின்றன.

காப்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவிய என் பாட்டி, இப்போது கிள்ளானில் எங்களோடு தாமான் வீட்டில் இருக்கிறார். பத்து ஆண்டுகளுக்கு மேலாக இனிப்பு நீர். கடந்த ஆண்டு, கால் மரத்துப் போகிறது, செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியவில்லை என்றார். மாமா நரம்பு மாத்திரை வாங்கி வந்தார். அத்தை, தனக்குத் தெரிந்த நேரடி விற்பனை முகவரிடமிருந்து பி கம்ப்ளெக்ஸ் போத்தல் ஒன்றைக் கொண்டு வந்தார். வீட்டில் ஏற்கெனவே பல வைட்டமின்கள் சேர்ந்த மாத்திரையும் இருந்தது. மூன்றும் ஒரே பிஸ்கட் டின்னில் சேர்ந்தன. பாட்டி மூன்றையும் நாள் தவறாமல் சாப்பிட்டார். மரப்பு குறையவில்லை; கூடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த டின்னைக் கொட்டி, லேபிள்களைப் படித்துக் கூட்டிப் பார்த்தேன். நரம்பு மாத்திரையில் வைட்டமின் பி6 200 மில்லிகிராம். பி கம்ப்ளெக்ஸில் 50. பல வைட்டமின் மாத்திரையில் 10. மொத்தம் 260 மில்லிகிராம். பாட்டி வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் பி6 ஏறக்குறைய 1.5 மில்லிகிராம்தான். 170 மடங்குக்கு மேல்! அப்போதுதான் பி6 அளவுக்கு மீறினால் என்ன செய்யும் என்று தேடிப் படித்தேன். முதலில் வருவது கால் மரப்பு.

தோட்டத்தில் இருந்த காலத்தில் மருந்து கொடுத்தவர் ஒரே ஒருவர், டிரஸ்ஸர். யார் வீட்டில் யார் என்ன சாப்பிடுகிறார் என்பது அவருக்குத் தெரியும். இன்று அரசாங்க கிளினிக்கில் ஒரு மருந்து, தனியார் கிளினிக்கில் ஒன்று, மருந்தகத்தில் ஒன்று, முகவரிடம் ஒன்று, சென்னைக்குப் போய் வந்த உறவினர் கொடுத்தது ஒன்று. மொத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் கண் எதுவும் இல்லை. அந்த வேலையை இனி நாமேதான் செய்ய வேண்டும். அதற்குத் தேவையான விவரங்களே இக்கட்டுரை.

புழுங்கல் அரிசி சொன்ன பாடம்

வைட்டமின் குறைந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் நமது கோலாலம்பூரும் ஒன்று. நூறாண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய் பலரைப் பலி கொண்டது. கால் மரத்து, வீங்கி, இறுதியில் இதயம் நின்றுவிடும். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய வெள்ளைப் பச்சரிசி சாப்பிட்டவர்களை அதிகம் தாக்கிய அந்நோய், புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களை அவ்வளவாகத் தொடவில்லை.

1905இல் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர், ஒரு பிரிவினருக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிப் பிரிவில்தான் பெரிபெரி பரவியது. பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டாண்டனும், தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒன்றே காரணம் என்று காட்டினர். அந்த 'ஏதோ ஒன்று' தயமின் எனும் வைட்டமின் பி1. நெல்லை உமியோடு வேகவைக்கும்போது பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது; பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்கிவிடுகிறது.

ஆக, வைட்டமின் குறைந்தால் நரம்பு கெடும் என்பது உண்மை. ஆனால் அந்தக் குறையைத் தீர்த்தது புழுங்கல் அரிசியில் இருந்த மிகச் சிறிய அளவு பி1. குறைவு கெடுதல் என்பதால் நூறு மடங்கு கொடுத்தால் நூறு மடங்கு நன்மை என்று ஆகிவிடாது.

பி6: நரம்பைக் காப்பதும் கெடுப்பதும் ஒன்றே

பி6இன் வேதிப்பெயர் பைரிடாக்சின். லேபிளில் இந்தப் பெயரிலும் இருக்கும். 1983இல் அமெரிக்க மருத்துவர்கள் ஏழு பேரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். நாளொன்றுக்கு 2 முதல் 6 கிராம் வரை பி6 சாப்பிட்டவர்கள் அவர்கள். கால் உணர்விழந்து, தள்ளாடித் தள்ளாடி நடக்கும் நிலைக்கு ஆளாகியிருந்தனர். அதன் பிறகு, அதைவிட மிகக் குறைந்த அளவிலும், மாதக்கணக்கில் தொடர்ந்து சாப்பிட்டவர்களிடம் இதே பாதிப்பு பதிவாகியுள்ளது.

தொடு உணர்வைக் கொண்டு செல்லும் நரம்பணுக்களையே மிகையான பி6 தாக்குகிறது. விரல் நுனியிலும் பாதத்திலும் மரப்பு, எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு முதலில் வரும். பிறகு இருட்டில் நடக்கும்போதும், கண்ணை மூடி முகம் கழுவும்போதும் தடுமாற்றம் ஏற்படும். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்குப் படிப்படியாகக் குறையும். ஆனால் மாதங்கள் ஆகலாம். நிறுத்திய முதல் சில வாரங்களில் சற்றுக் கூடவும் செய்யலாம். சிலருக்கு முழுமையாகச் சரியாவதில்லை.

உச்சவரம்பு எவ்வளவு என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் அதை 12 மில்லிகிராம் என்று நிர்ணயித்தது. ஆஸ்திரேலியாவில் 10 மில்லிகிராமுக்கு மேல் உள்ள பொருள்களில் நரம்பு பாதிப்பு குறித்த எச்சரிக்கை வாசகம் இருக்க வேண்டும். எண்கள் மாறினாலும் திசை ஒன்றுதான்: எச்சரிக்கை கூடிக்கொண்டே வருகிறது.

இது நம் சமூகத்திற்கு ஏன் முக்கியம்? 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. இந்தியர்களில் அது ஏறக்குறைய பத்தில் மூவர். இனிப்பு நீரே காலை மரக்கச் செய்யும். அதோடு, இனிப்பு நீருக்குக் கொடுக்கப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்ட காலம் சாப்பிட்டால் உடலில் பி12 குறையலாம். பி12 குறைந்தாலும் கால் மரக்கும். சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

ஆக, ஒரே மரப்புக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, குறைந்த பி12, மிகையான பி6. மூன்றுக்கும் மருந்து வேறு. எது என்று இரத்தப் பரிசோதனை செய்யாமல், மரப்பு கூடக்கூட மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனால், காரணமே மருந்தாக வேடம் போட்டுக்கொண்டு நம் டின்னுக்குள் உட்கார்ந்திருக்கும்.

ஒரு முக்கியக் குறிப்பு. காசநோய்க்கு ஐசோனியாசிட் சாப்பிடுகிறவர்களுக்கு, நரம்பைக் காப்பதற்காகவே மருத்துவர்கள் குறிப்பிட்ட அளவு பி6 கொடுக்கிறார்கள். அதை நிறுத்தக்கூடாது. பி6 மட்டுமல்ல, மருத்துவர் எழுதிக் கொடுத்த எதையும் இக்கட்டுரையைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்த வேண்டாம், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

டி: சென்னையிலிருந்து வரும் 60,000

வைட்டமின்களில் பி வகைகளும் சி-யும் தண்ணீரில் கரைபவை. மிகுதி பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறும். ஆனால் பி6 காட்டுவது போல, வெளியேறுவதற்குள் கெடுதல் செய்யவும் முடியும். ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. இவற்றில் ஏ-யும் டி-யும் உடலில் சேர்ந்துகொண்டே போகும். நிறுத்தினாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கியிருக்கும்.

தமிழ்நாட்டில் வைட்டமின் டி குறைவு என்று தெரிந்தால் 60,000 யூனிட் கொண்ட மாத்திரையோ பொட்டலமோ கொடுப்பது வழக்கம். அது வாரத்திற்கு ஒன்று. அதுவும் சில வாரங்களுக்கு மட்டும். பயணம் போனவர்கள் அதை இங்கே கொண்டு வந்து, "எலும்புக்கு நல்லது" என்று அம்மாவுக்கும் அக்காவுக்கும் கொடுக்கிறார்கள். 'வாரம் ஒன்று' என்ற சொல் வழியிலேயே விடுபட்டுப் போகும். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 4,000 யூனிட். 60,000 யூனிட்டைத் தினமும் சாப்பிட்டால் அது 15 மடங்கு.

டி அளவு மீறினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறும். அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், சோர்வு, குழப்பம் ஆகியவை அறிகுறிகள். சிறுநீரகத்தில் கல் உண்டாகலாம், சிறுநீரகமே பழுதடையலாம். தாகமும் அடிக்கடி சிறுநீரும் இனிப்பு நீரின் அறிகுறிகளும்கூட என்பதால், "சர்க்கரை ஏறியிருக்கிறது" என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிட வாய்ப்புண்டு. சர்க்கரை அளவு சரியாக இருந்தும் தாகம் அடங்கவில்லை என்றால், வைட்டமின் டி சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மற்ற வைட்டமின்களில் கவனிக்க வேண்டியவை

வைட்டமின் ஏ: மீன் ஈரல் எண்ணெய், கண் மாத்திரை, பல வைட்டமின் மாத்திரை ஆகிய மூன்றிலும் இருக்கலாம். பெரியவர்களுக்கான உச்சவரம்பு ஒரு நாளைக்கு 3,000 மைக்ரோகிராம், அதாவது 10,000 யூனிட். நீண்ட காலம் மீறினால் தலைவலி, தோல் வறட்சி, முடி உதிர்வு, கல்லீரல் பாதிப்பு. முடி கொட்டுகிறது என்று வாங்கும் மாத்திரையில் ஏ அதிகம் இருந்தால் முடி மேலும் கொட்டும். கர்ப்பிணிகளும் கருத்தரிக்க எண்ணியிருப்பவர்களும் மிகுந்த எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அளவு மீறிய வைட்டமின் ஏ, குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு உண்டாக்கக்கூடியது. கேரட்டிலும் முருங்கைக்கீரையிலும் இருக்கும் பீட்டா கரோட்டினுக்கு இந்த ஆபத்து இல்லை.

ஆனால் அதே பீட்டா கரோட்டினை மாத்திரையாகப் புகைப்பவர்கள் சாப்பிடக்கூடாது. பின்லாந்தில் 29,000க்கும் அதிகமான புகைக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. புற்றுநோயைத் தடுக்கும் என்று எதிர்பார்த்துக் கொடுக்கப்பட்ட மாத்திரையால் நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்தது.

வைட்டமின் சி: நாள் தேவை 70 மில்லிகிராம், ஒரு கொய்யாப்பழமே அதைத் தந்துவிடும். உச்சவரம்பு 2,000 மில்லிகிராம். மீறினால் வயிற்றுப்போக்கு, சிலருக்குச் சிறுநீரகக் கல். மிக அதிக அளவு சி, வீட்டில் சர்க்கரை பார்க்கும் சில கருவிகளில் உண்மையைவிடக் கூடுதலான எண்ணைக் காட்டச் செய்யும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் ஆபத்து. தண்ணீரில் போட்டால் நுரைக்கும் மாத்திரைகள் பலவற்றில் உப்புச் சத்தான சோடியம் உண்டு. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் லேபிளைப் பார்க்கவும். ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள் அதிக அளவு சி-யை, முக்கியமாக ஊசி வழி ஏற்றும் சி-யை, மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து போகலாம்.

வைட்டமின் ஈ, கே: அதிக அளவு ஈ இரத்தம் உறைவதைக் குறைக்கும், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு இரத்தக் கசிவு ஏற்படலாம். கே அதற்கு நேர்மாறு. வார்ஃபரினின் வேலையைக் கெடுக்கும். எலும்புக்கென்று விற்கப்படும் சில மாத்திரைகளில் டி-யோடு கே-யும் சேர்ந்திருக்கும். இதய வால்வு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பயோட்டின்: முடிக்கும் நகத்திற்கும் என்று 5,000, 10,000 மைக்ரோகிராமில் விற்கப்படுகிறது. இது இரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தவறாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. தைராய்டு பரிசோதனையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையும் அவற்றில் அடங்கும். இரத்தம் கொடுக்கும் முன் பயோட்டின் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.

ஃபோலிக் அமிலம்: பி12 குறைவால் வரும் இரத்தசோகையை இது மறைத்துவிடும், நரம்பு கெடுவது மட்டும் உள்ளே தொடரும். கர்ப்பிணிகளுக்கு மருத்துவர் கொடுக்கும் ஃபோலிக் அமிலம் அவசியமானது; அதைத் தவிர்க்கக்கூடாது.

இரும்புச் சத்து: வைட்டமின் அல்ல என்றாலும் அதே அலமாரியில்தான் இருக்கும். சிறு குழந்தை இரும்பு மாத்திரைகளை மிட்டாய் என்று எண்ணி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. தாலசீமியா உள்ளவர்களும் அதன் மரபணுவைச் சுமப்பவர்களும் பரிசோதனை இல்லாமல் இரும்பு மாத்திரை சாப்பிடக்கூடாது.

லேபிளில் பார்க்க வேண்டியவை

முதலில் பதிவு எண். மலேசியாவில் மாத்திரை, கேப்சூல் வடிவில் விற்கப்படும் வைட்டமின்கள், பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையிடம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். 'எம்.ஏ.எல்.' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் எண்ணும், பாதுகாப்பு ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கும். எண்ணை முகமையின் இணையத்தளத்தில் தட்டிப் பார்த்து, பெயர் பொருந்துகிறதா என்று உறுதி செய்யலாம். உணவு வகையில் சேரும் மாவு, பானம் போன்றவற்றுக்கு இந்த எண் இருக்காது. ஆனால் அவற்றிலும் வைட்டமின் கலந்திருக்கலாம். கூட்டும்போது அதையும் சேர்க்க வேண்டும்.

பதிவு எண் உண்மையானது என்றால், அந்தப் பொருள் முகமையிடம் பதிவு செய்யப்பட்டது என்று பொருள். எவ்வளவு சாப்பிட்டாலும் பாதுகாப்பு என்று பொருளல்ல.

அடுத்து அளவு. எண்ணை மட்டும் பார்க்காமல் அதன் பின்னால் வரும் அலகையும் பாருங்கள். 1,000 மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் 1 மில்லிகிராம். வைட்டமின் டி-யில் 1 மைக்ரோகிராம் என்பது 40 யூனிட். லேபிளில் உள்ள அளவு ஒரு மாத்திரைக்கா, அல்லது ஒரு நாளைக்கு உண்ணும் இரண்டு மூன்று மாத்திரைகளுக்குச் சேர்த்தா என்பதையும் கவனியுங்கள்.

மூன்றாவது விளம்பரம். இனிப்பு நீர், இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடை செய்கிறது. மருந்து விளம்பரங்களுக்கு மருந்து விளம்பர வாரியத்தின் 'கே.கே.எல்.ஐ.யு.' எனத் தொடங்கும் அனுமதி எண் தேவை. புலனக் குழுவில் "இதைக் குடித்து மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டேன்" என்று வரும் காணொளிகளில் அந்த எண் இருக்காது. விற்பவர் நம் உறவினராகவே இருந்தாலும், சட்டம் சட்டம்தான், சிறுநீரகமும் நம்முடையதுதான்.

வீட்டில் செய்ய வேண்டியது

வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் வைட்டமின்களையும் எண்ணெய்களையும் சத்து மாவுகளையும் ஒரே பையில் போடுங்கள். அடுத்த முறை அரசாங்க கிளினிக்கிற்கோ மருந்தகத்திற்கோ போகும்போது அந்தப் பையோடு போய், "இவை எல்லாவற்றையும் நான் சாப்பிடுகிறேன். இரண்டு முறை வருவது எது? வேண்டாதது எது?" என்று மருந்தாளரிடம் கேளுங்கள். இந்தக் கேள்விக்குக் கட்டணம் இல்லை.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சுண்ணாம்புச் சத்து, இரும்பு மாத்திரைகளை அதனோடு சேர்த்து விழுங்க வேண்டாம். நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்கிறவர்கள் எந்த வைட்டமினையும் தாங்களாக வாங்கக்கூடாது. மிட்டாய் போன்ற வைட்டமின்களைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

புதிதாக மரப்பு, தள்ளாட்டம், ஓயாத தாகம், தொடர் வாந்தி, கண் மஞ்சளாவது, குழப்பம் ஆகியவற்றில் எது வந்தாலும் மருத்துவரிடம் செல்லுங்கள். போத்தல்களையும் கொண்டு செல்லுங்கள். குழந்தை மாத்திரைகளை விழுங்கிவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். பினாங்கு, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையமும் தொலைபேசி வழி ஆலோசனை வழங்குகிறது.

பாட்டியின் பிஸ்கட் டின்னை அப்படியே கிளினிக்கிற்குக் கொண்டு போனோம். மருந்தாளர் மூன்று போத்தல்களையும் வரிசையாக வைத்து, தாளில் கூட்டிக் காட்டினார். மருத்துவர் மூன்றையும் நிறுத்தச் சொல்லி, பி12 பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பி12 குறைவாக இருந்தது. அதற்குத் தனியாக மருந்து தொடங்கியது. மரப்பு முழுதாகப் போகவில்லை. ஆனால் இப்போது செருப்பு கழன்றால் பாட்டிக்குத் தெரிகிறது. "அந்தக் காலத்து டிரஸ்ஸர் இருந்திருந்தால் முதல் நாளே திட்டியிருப்பார்" என்கிறார்.

டின்னில் இப்போது பிஸ்கட் இருக்கிறது. சர்க்கரை இல்லாதது.